சாதிக் கணக்கெடுப்பு வருகிறது. அதைப் படிக்கப் போவது யார்? இந்தியச் சமூகவியல் பற்றி ஒரு விளக்கம்

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் பதிவு செய்ய ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு 2025 ஏப்ரல் 30 அன்று முடிவெடுத்தது. ஜூன் 16 அன்று அறிவிக்கையும் வந்தது. 2027 மார்ச் 1 என்பதுதான் கணக்குக்கான அடிப்படை நாள். 1931-க்குப் பிறகு முழுமையான சாதி எண்ணிக்கை நம்மிடம் இல்லை என்பதால் இதைச் சுற்றி நிறைய விவாதம் நடக்கிறது. 'எண்ணினால் சாதி வளரும்' என்கிறார்கள் ஒரு பக்கம். 'எண்ணினால்தான் நீதி கிடைக்கும்' என்கிறார்கள் இன்னொரு பக்கம்.

இந்த விவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. சாதியை ஆராய்வதையே நூறு ஆண்டாகத் தன் முதல் வேலையாக வைத்திருக்கும் ஒரு துறை இந்தியப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அதுதான் சமூகவியல். அந்தத் துறை இத்தனை காலம் என்ன கண்டுபிடித்தது? கண்டுபிடித்தது ஏன் நம் காதுக்கு வந்து சேரவில்லை? வரப்போகும் எண்களைப் புரிந்துகொள்ள இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

சமூகவியல் என்ன செய்கிறது?

ஒரு கிராமத்தில் எத்தனை குடும்பங்கள் எந்தச் சாதி என்று எண்ணுவது புள்ளிவிவர வேலை. அந்தக் குடும்பங்களில் யார் வீட்டுக்கு யார் செருப்போடு போகலாம், யார் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் நிலத்தில் யார் கூலிக்குப் போகிறார்கள், யாருக்கு யார் பெண் கொடுக்கிறார்கள், இவையெல்லாம் எந்த ஆண்டிலிருந்து ஏன் மாறின என்று பார்ப்பது சமூகவியல். ஒன்று தலைகளை எண்ணுகிறது, மற்றொன்று அந்தத் தலைகளுக்கு இடையே உள்ள உறவைப் படிக்கிறது. உறவு தெரியாவிட்டால் எண்ணிக்கைக்குப் பொருள் சொல்ல முடியாது.

இங்கே இன்னொரு சொல்லையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மானிடவியல் என்ற துறை தனியாக இருக்கிறது. ஐரோப்பாவில் தங்கள் சொந்தத் தொழில் சமுதாயத்தைப் படிப்பதைச் சமூகவியல் என்றார்கள். தாங்கள் ஆண்ட நாடுகளின் மக்களைப் படிப்பதை மானிடவியல் என்றார்கள். இந்தியாவில் அந்தக் கோடு பொருந்தவில்லை. மைசூரில் பிறந்தவர் மைசூருக்குப் பக்கத்துக் கிராமத்தைப் படித்தால் அது சொந்தச் சமுதாயமா, பிறர் சமுதாயமா? நம் நாட்டுச் சமூகவியலாளர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகவே நடத்தினார்கள். இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை. 'நான் யாரைப் படிக்கிறேன், எங்கிருந்து பார்க்கிறேன்' என்ற கேள்வி இந்தத் துறையின் அடியிலேயே கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதற்குத் திரும்பி வருவோம்.

முதலில் எண்ணியது அரசாங்கம்

துறை பிறப்பதற்கு முன்பே சாதியை எண்ணும் வேலை தொடங்கிவிட்டது. 1871-72-இல் முதல் கணக்கெடுப்பு, 1881-இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பு. 1901 கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹெர்பர்ட் ரிஸ்லி ஒரு படி மேலே போனார். சாதிகளை மேல், கீழ் என்று சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்தினார். மூக்கின் அகலத்தை அளந்தால் இனமும் சாதியும் தெரியும் என்று நம்பியவர் அவர்.

சென்னையிலும் இது நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுக்கோல் கருவிகளை வைத்துக்கொண்டு மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-இல் கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். இன்றும் ஒரு சாதிச் சங்கம் தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் அந்தத் தொகுதிகளைத்தான் புரட்டுகிறது.

அரசாங்கம் வரிசைப்படுத்தியதும் என்ன நடந்தது? மக்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் பெயரை மாற்றுங்கள், எங்களை இன்ன இடத்தில் வையுங்கள் என்று நாடு முழுவதும் மனுக்கள் குவிந்தன. தமிழ்நாட்டில் நாடார் சமூகம் நடத்திய நீண்ட போராட்டத்தின் விளைவாக, 1921 கணக்கெடுப்பில் பழைய பெயர் நீங்கி 'நாடார்' என்ற பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியது. இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது: கணக்கெடுப்பு சாதியைப் படம் மட்டும் பிடிப்பதில்லை. படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் எதிரே நிற்பவர் தன்னைச் சரிசெய்துகொள்கிறார். 'எண்ணினால் சாதி வளரும்' என்ற வாதத்தில் உண்மை இருப்பது இந்த அளவுக்குத்தான். 1931-க்குப் பிறகு 80 ஆண்டு எண்ணாமலே இருந்தோம், சாதி தேயவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

1931 கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் பின்னர் கேம்பிரிட்ஜில் சமூக மானிடவியல் பேராசிரியரானார். ஆட்சி நிர்வாகமும் ஆராய்ச்சியும் அந்தக் காலத்தில் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

பம்பாயில் தொடங்கிய துறை

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்குத் தனித்துறை வந்தது. முதல் தலைவர் பேட்ரிக் கெடிஸ், நகரத் திட்டமிடலில் பெயர் பெற்ற ஸ்காட்லாந்துக்காரர். 1924-இல் ஜி. எஸ். குர்யே பொறுப்பேற்றார். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குத் துறையின் முகம் அவர்தான். 1932-இல் வந்த நூலில் ரிஸ்லியின் மூக்களவுக் கொள்கையை மறுத்தார், சாதிக்கு ஆறு இயல்புகள் உண்டு என்று வகுத்தார். எம். என். ஸ்ரீநிவாஸ், ஏ. ஆர். தேசாய், இராவதி கார்வே என்று பின்னாளில் பெயர் பெற்ற பலர் அவரிடம் படித்தவர்கள். இந்தியச் சமூகவியல் சங்கத்தை 1951-இல் நிறுவியவரும் அவரே. சங்கத்தின் ஆய்விதழ் 1952-இல் தொடங்கியது.

லக்னோவில் ராதாகமல் முகர்ஜி பொருளாதாரத்தோடு சேர்த்துச் சமூகவியலைக் கற்பித்தார். 1959-இல் டெல்லிப் பொருளியல் பள்ளியில் ஸ்ரீநிவாஸ் ஒரு துறையைக் கட்டினார். 1969-இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் வந்தது, நாடெங்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு அதன் வழியாகப் பணம் போகத் தொடங்கியது. மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் அதன் கீழ் வந்த ஒன்று. நிறுவனக் கதை இதற்கு மேல் வேண்டாம். உள்ளே நடந்ததுதான் முக்கியம்.

ஊருக்குள் போனார்கள், எந்தத் தெருவில் தங்கினார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியச் சமூகவியலில் பெரிய திருப்பம் ஒன்று வந்தது. அதுவரை சாதியைப் பற்றி எழுதியவர்கள் தர்மசாஸ்திரங்களையும் புராணங்களையும் புரட்டி எழுதினார்கள். நான்கு வர்ணம், அதில் யார் எங்கே என்பது ஏட்டில் இருந்தது. ஸ்ரீநிவாஸ் தலைமுறை 'ஏட்டை மூடிவிட்டு ஊரைப் பாருங்கள்' என்றது. ஊரில் போய் ஒரு வருடம் தங்குவது, அங்கே பேசும் மொழியில் பேசுவது, நடப்பதை நாள்தோறும் குறிப்பெடுப்பது, இதற்குத்தான் களப்பணி என்று பெயர்.

ஊருக்குள் போனதும் ஏட்டுச் சித்திரம் ஆட்டம் கண்டது. ஊரில் அதிகாரம் பல இடங்களில் பிராமணரிடம் இல்லை. நிலமும், ஆள்பலமும், பஞ்சாயத்தில் செல்வாக்கும் கொண்ட இடைநிலைச் சாதி ஒன்றின் கையில் இருந்தது. ஸ்ரீநிவாஸ் இதற்கு 'ஆதிக்க சாதி' என்று பெயர் வைத்தார். இன்று தமிழ்நாட்டு மேடைகளில் சாதாரணமாகப் புழங்கும் சொல் இது. ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து தெருவுக்கு இறங்கிவந்த அபூர்வமான கலைச்சொல். அவர் தந்த இன்னொரு சொல் 'சமஸ்கிருதமயமாக்கம்'. கீழே வைக்கப்பட்ட சாதி மேலே இருக்கும் சாதியின் உணவு, சடங்கு, உடை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஒரு தலைமுறையில் தன் மதிப்பை உயர்த்திக்கொள்ளப் பார்ப்பதை இது குறிக்கிறது.

ஸ்ரீநிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கம் ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் தங்கினார். தங்கியது ஊர்த் தலைவருக்குச் சொந்தமான, மாடுகள் கட்டிய வீட்டில். குளித்த பிறகு அவர் முகம் மழிப்பதைப் பார்த்து ஊர்த் தலைவர் கண்டித்தார். பிராமணப் பிள்ளை மழித்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஆராய்ச்சியாளருக்கு ஊர் ஓர் இடம் கொடுத்தது, அந்த இடத்துக்கான ஒழுங்கையும் சேர்த்தே கொடுத்தது. பல ஆண்டுகள் பக்குவப்படுத்திய அவருடைய குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் ஒரு தீவைப்பில் எரிந்துபோயின. நினைவிலிருந்து எழுதிய நூல் 1976-இல் வந்தது. அதில் அவரே நேர்மையாகச் சொன்னார்: தான் பார்த்தது உயர்சாதிக்காரர் ஒருவரின் பார்வையில் தெரிந்த கிராமம் என்று.

தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வருவோம். ஆந்த்ரே பெத்தே என்ற சமூகவியலாளர் 1961-62-இல் அங்கே ஒரு கிராமத்தில் களப்பணி செய்தார். நூலில் அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயர் கொடுத்தார். 1965-இல் வெளிவந்த அந்த நூல் இன்றும் இந்தியச் சமூகவியல் மாணவர்கள் தவறாமல் படிப்பது. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, இப்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கியிருக்கின்றன என்பது அவருடைய வாதம். நிலம் கைமாறியது. அரசியல் அதிகாரம் அக்ரகாரத்தைவிட்டு வெளியே போனது. ஆனால் சாதி மரியாதை பழைய இடத்திலேயே இருந்தது.

அந்த ஊரில் மூன்று குடியிருப்புகள்: அக்ரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி. பெத்தே தங்கியது அக்ரகாரத்தில். வெளியாளான, பிராமணரல்லாத ஒருவருக்கு அங்கே வீடு கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அக்ரகாரத்தில் இருப்பவர் சேரிக்கு அடிக்கடி போய் உட்கார்ந்து பேச முடியாது. சேரி மக்களும் அவரை அக்ரகாரத்து ஆளாகவே பார்த்தார்கள். இதனால் பிராமணரல்லாதார் பற்றிய, குறிப்பாக ஆதிதிராவிடர் பற்றிய தன் தகவல்கள் தரத்தில் குறைவானவை என்று அவரே எழுதினார்.

இந்த இரண்டு ஒப்புதல்களையும் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆராய்ச்சியாளர்கள் நேர்மையாக இருந்ததால்தான் இவை நமக்குத் தெரிகின்றன. ஆனால் விளைவு என்ன என்று பாருங்கள். வீடு கிடைத்த தெருவிலிருந்து ஊர் எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் அது பாடப்புத்தகத்திலும் ஏறியது. சேரியிலிருந்து பார்த்தால் அந்த ஊர் எப்படியிருந்தது என்ற அத்தியாயம் பல காலம் எழுதப்படாமலே கிடந்தது.

1916-இல் வாசிக்கப்பட்ட ஒரு கட்டுரை

அந்த அத்தியாயத்தை எழுதக்கூடியவர் ஒருவர் துறை பிறப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தார். 1916 மே 9 அன்று நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகளின் தோற்றத்தையும் இயக்கத்தையும் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவர் பீமராவ் அம்பேத்கர்.

அதன் வாதத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதில். ஒரு குழு தன்னைச் சுற்றிக் கதவடைத்துக்கொண்டால் உள்ளே ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் 'மிச்சம்'. மனைவி இறந்தால் ஓர் ஆண் 'மிச்சம்'. மிச்சமானவர் வெளியே மணம் முடித்தால் கதவு உடையும். ஆகவே விதவையை எரித்தார்கள், அல்லது மறுமணம் மறுத்து வைத்தார்கள். மனைவியை இழந்தவனுக்கு இன்னும் வயதுக்கு வராத சிறுமியைக் கட்டிவைத்தார்கள். உடன்கட்டை, கைம்மை, குழந்தைமணம் ஆகிய மூன்றையும் பக்தியாகவும் வழக்கமாகவும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இவை சாதியின் கதவைப் பூட்டி வைக்கும் தாழ்ப்பாள்கள் என்று காட்டினார். பெண்ணை அடக்காமல் சாதி இல்லை என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சொன்ன ஆய்வு இது. ஆணவக் கொலைச் செய்திகளை வாசிக்கும் எவருக்கும் இதன் கூர்மை புரியும்.

அம்பேத்கர் பம்பாய்க்குத் திரும்பினார். குர்யேயும் அதே நகரத்தில்தான் பாடம் நடத்தினார். ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு அம்பேத்கரைச் சட்ட மேதை, அரசியல் தலைவர் என்று மட்டுமே பல்கலைக்கழகங்கள் பார்த்தன. சமூகவியல் பாடத்திட்டத்தில் அவர் சிந்தனையாளராக உட்கார 1990-களுக்குப் பிறகு தலித் மாணவர்களும் ஆசிரியர்களும் எண்ணிக்கையில் உயர வேண்டியிருந்தது. பூனாவில் ஷர்மிளா ரேகே போன்ற சமூகவியலாளர்கள் அவரைப் பெண்ணிய ஆய்வோடு சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார்கள்.

தரவு ஒருவர் கையில், கோட்பாடு இன்னொருவர் கையில்

2002-இல் கோபால் குரு என்ற அரசியல் அறிவியலாளர் ஒரு கட்டுரையில் கடுமையான ஒரு கேள்வி கேட்டார்: இந்தியச் சமூக அறிவியல் எவ்வளவு சமத்துவமானது? உள்ளேயே ஒரு வருணப் பிரிவு இருக்கிறது என்றார். ஒரு சாரார் கோட்பாடு எழுதுகிறார்கள், இன்னொரு சாரார் தரவு மட்டும் திரட்டித் தருகிறார்கள். முன்னவர்களைக் கோட்பாட்டுப் பிராமணர்கள் என்றும், பின்னவர்களை அனுபவத் தரவுச் சூத்திரர்கள் என்றும் அழைத்தார். பெரிய சர்ச்சை எழுந்தது. ஆனால் இதைத் தனிமனிதர்களின் குணம் என்று எடுத்துக்கொண்டால் விஷயம் கைநழுவிவிடும். கல்வி அமைப்பே இப்படிப் பிரிக்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

1. வாசிக்க வேண்டிய அடிப்படை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மாவட்டக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் படிக்கும் மாணவிக்குப் பரீட்சையைத் தமிழில் எழுத அனுமதி இருக்கலாம். ஆனால் ஸ்ரீபுரம் ஆய்வை அவர் முழுமையாக வாசிக்க ஆங்கிலம் வேண்டும். அது தமிழ் பேசும் ஊரைப் பற்றிய ஆய்வு! ஆகவே வழிகாட்டிக் குறிப்பேடுகளில் வரும் நான்கு வரிச் சுருக்கத்தோடு அவர் நிற்கிறார்.

2. கல்லூரி ஆசிரியராகவோ, உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யவோ முக்கிய வழி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. மொழிப்பாடங்கள் நீங்கலாக அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இந்தியில் படித்தவருக்குத் தாய்மொழி வினாத்தாள் கிடைக்கிறது. தமிழில் படித்தவருக்குக் கிடையாது. குடிமைப் பணி முதன்மைத் தேர்விலும் சமூகவியலை 500 மதிப்பெண் விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் விடை எழுதலாம், ஆனால் கேள்வியை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

3. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்பவருக்கு 8,000 ரூபாய். ஒரு வருடம் கிராமத்தில் தங்கிக் களப்பணி செய்ய இரண்டாமவரால் முடியுமா? ஊரிலிருந்து வந்தவருக்கே ஊரில் தங்கிப் படிக்கக் கட்டுப்படி ஆகாது. கேள்வித்தாளை அச்சடித்து இரண்டு வாரம் சுற்றிவிட்டு, சதவீத அட்டவணை போட்டு முடிப்பார்கள். 'தரவு மட்டும் திரட்டுகிறார்கள்' என்ற புகாரின் பின்னால் இந்த எட்டாயிரமும் இருக்கிறது.

4. 2016 விதிகளின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்றிருந்தது. நோக்கம் நல்லதுதான். நடந்தது வேறு. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழு நம்பகமான இதழ்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயத்தை நீக்கியது, 2025-இல் பட்டியலையும் கைவிட்டது. இடையில் ஒரு தலைமுறை மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சேகரித்த நல்ல தகவல்கள், யாரும் வாசிக்காத இதழ்களில் அரைகுறை ஆங்கிலத்தில் புதைந்தன.

தமிழில் சமூகவியல் இருந்தது, வேறு கதவு வழியாக

அப்படியானால் தமிழில் சமூக ஆய்வே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் சமூகவியல் துறைக்கு வெளியே இருந்தார்கள். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை, நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, 'ஆராய்ச்சி' என்ற இதழை நடத்தினார். கதைப்பாடல்களில் சாதியும் நிலமும் எப்படிப் பேசப்படுகின்றன என்று ஆராய்ந்தார். ஆ. சிவசுப்பிரமணியன், தொ. பரமசிவன் இருவரும் தமிழ்ப் பேராசிரியர்கள். உப்பும், எண்ணெயும், தாலியும், தெருக்கோவிலும் அவர்கள் கையில் சமூக வரலாறாயின. புதுச்சேரியில் பக்தவத்சல பாரதி மானிடவியலைத் தமிழிலேயே எழுதினார். யாழ்ப்பாணத்தில் கா. சிவத்தம்பி நாடகத்தையும் இலக்கியத்தையும் சமூகப் பின்னணியில் வைத்துப் படித்தார். சாதாரண வாசகர் வாங்கிப் படித்த சமூகவியல் இதுதான்.

இரண்டு ஓடைகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின, அதிகம் கலக்கவில்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளரிடம் ஊரின் நுணுக்கம் இருந்தது. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு என்ற புள்ளிவிவரப் பயிற்சி குறைவாக இருந்தது. சமூகவியல் துறையிடம் அந்தப் பயிற்சி இருந்தது, வாசகர் இல்லை.

கலந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் திரட்டச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி ஆகிய ஊர்கள் 1918-இல் நூலாக வந்தன. 1930-களில் மறுபடி போனார்கள். பிறகும் போனார்கள். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டுக்கு 1916 முதல் 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் கைக்குள் இருந்த ஊரில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, விவசாயக் கூலியை மட்டும் நம்பியிருந்த தலித் குடும்பங்கள் வெளிவேலை வழியாக எந்த அளவுக்குச் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கின என்பதையெல்லாம் 90 ஆண்டு நீளத்தில் பார்க்க முடிகிறது. ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பு எதுவும் இதைத் தராது.

சரி, 2027-இன் எண்கள் வந்தால்?

இப்போது தொடக்கத்துக்கு வரலாம். எண்கள் வெளியானதும் எந்தச் சாதி எத்தனை சதவீதம் என்பதே தலைப்புச் செய்தியாகும். பீகாரில் 2023 அக்டோபரில் அப்படித்தான் ஆனது: மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம் என்ற ஒரே எண் அரசியலைப் புரட்டியது. ஆனால் சமூகவியலாளர் முதலில் பார்ப்பது வேறு மூன்று விஷயங்களை.

1. பெயர்ச் சிக்கல். 2011-இல் நடந்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன சாதிப் பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல். 1931-இல் இருந்தவை 4,147. இதைக் காரணம் காட்டித்தான் அந்தத் தரவு வெளியாகவே இல்லை. ஏன் இப்படி ஆனது? 'உங்கள் சாதி என்ன?' என்று கேட்டால் ஒருவர் சாதியைச் சொல்வார், ஒருவர் உட்பிரிவைச் சொல்வார், ஒருவர் பட்டத்தைச் சொல்வார், ஒருவர் தொழிலைச் சொல்வார். நம் ஊரிலேயே பாருங்கள். 'கவுண்டர்' என்று ஒருவர் சொன்னால் அவர் கொங்கு வேளாளராக இருக்கலாம், வேட்டுவராக இருக்கலாம், தர்மபுரிப் பக்கத்து வன்னியராகவும் இருக்கலாம். 'நாயக்கர்' என்றால் வடமாவட்டத்து வன்னியரா, தெலுங்கு பேசும் கம்பளத்தாரா? 'பிள்ளை', 'முதலியார்' கதையும் இதேதான். கணக்கெடுப்பாளர் கையில் நல்ல பட்டியலும், மாவட்டத்துக்கு மாவட்டம் பட்டம் எப்படி மாறும் என்ற பயிற்சியும் இல்லாவிட்டால், மொத்த எண்ணிக்கையே தவறும். அந்தப் பட்டியலைத் திருத்தக்கூடிய அறிவு களப்பணி செய்தவர்களிடம் இருக்கிறது.

2. கேள்வி கேட்கும் விதம். இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் தேசிய பயன்முறைப் பொருளாதார ஆய்வு மன்றமும் சேர்ந்து 2011-12-இல் 42,000 குடும்பங்களில் இந்திய மனித வளர்ச்சி ஆய்வை நடத்தின. சோனால்டே தேசாய் என்ற சமூகவியலாளர் அதன் தலைமையில் இருந்தார். தீண்டாமை பற்றிக் கேட்டார்கள். முதல் கேள்வி நேரடியானது: உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறார்களா? சட்டப்படி குற்றம் என்று தெரிந்தவர்கள் இல்லை என்பார்கள். இல்லை என்றவரிடம் அடுத்த கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா? இங்கேதான் நாக்கு தயங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது 27 சதவீதம் குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் தீண்டாமை பார்ப்பதை ஒப்புக்கொண்டன. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் எண் குறைவாகவே வந்திருக்கும். டீக்கடையில் தனிக் குவளை மறைந்துவிட்டது என்று சொல்லும் ஊரில் வீட்டுச் சமையலறையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தெரிவதுதான் இந்தத் துறையின் தொழில்நுட்பம்.

3. உறவுகளின் தரவு. தலைக்கணக்கோடு நிலம், வேலை, படிப்பு ஆகியவற்றைச் சாதிவாரியாகச் சேர்த்து வெளியிட்டால்தான் ஆதிக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு வட்டாரத்தில் 30 சதவீதம் இருக்கும் சாதியிடம் 70 சதவீத நிலம் இருப்பது வேறு, 5 சதவீத நிலம் இருப்பது வேறு. இரண்டும் தலைக்கணக்கில் ஒன்றாகவே தெரியும். இன்னொன்றும் உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் சாதியும் தனித்தனியே பதிவானால், கணவன் மனைவி வேறு வேறு சாதியாக இருக்கும் வீடுகளையும் எண்ண முடியும். மேலே சொன்ன ஆய்வில் அது சுமார் 5 சதவீதம்தான். 1916-இல் அம்பேத்கர் சாதியின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொன்னாரோ, அங்கேயே கை வைத்துப் பார்க்கும் அளவுகோல் அது. மாவட்டவாரியாக அந்த எண் கிடைத்தால், எந்த மாவட்டத்தில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, எங்கே இறுக்கிப் பூட்டியிருக்கிறது என்று முதன்முறையாகப் பார்க்கலாம். காதலித்து மணந்தவர்களைக் கொல்லும் செய்திகள் வரும் மாவட்டங்களில் அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

இதற்கு ஆள் வேண்டும். அட்டவணையைப் படிக்கவும் தெரிந்த, தெருவுக்குத் தெரு பட்டம் மாறுவதும் தெரிந்த, கண்டதைத் தமிழில் எழுதவும் தெரிந்த ஆட்கள். அப்படிப்பட்ட மாணவர்கள் இப்போதே நம் மாவட்டக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். சேரியிலிருந்தும், பிராமணரல்லாதார் தெருக்களிலிருந்தும் முதல் தலைமுறையாக வந்தவர்கள். ஸ்ரீபுரத்தில் பெத்தேயால் உட்கார முடியாத திண்ணைகள் அவர்களுடைய சொந்த வீட்டுத் திண்ணைகள். அடுத்த நெட் தேர்விலும் அவர்கள் முன் வரப்போவது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ள வினாத்தாள்தான்.